இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்த பாட்டில்கள்

1996-ம் வருஷம், டிசம்பர் மாதம். நியூ ஜெர்சியில் பிரிட்ஜ்வாட்டர் பக்கம் ஒரு பழைய வாடகை வீட்டில் இருந்தோம். என் மனைவி நர்ஸ். அவள் வேலையை வைத்துத்தான் நாங்கள் அமெரிக்கா வந்தோம். நான் கரூர் பக்கத்தில் பத்தாவது முடித்து, ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். இங்கே ஒரு மெஷின் ஷாப்பில் வேலை கிடைத்திருந்தது. மகளுக்கு அப்போது ஐந்து வயது. மகன் இன்னும் பிறக்கவில்லை.

என் பிள்ளைகள் இரண்டு பேரும் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். முக்கியமாக அவர்கள் படிக்கவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன், அதனால் பெரிய வார்த்தை எதுவும் வராது. பீர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் எங்கள் வீட்டில் யாரும் இதை முழுசாகப் பேசியதில்லை. கோயிலில் பழகினவர்கள் யாராவது வீட்டில் இருக்கும்போது நான் ஆரம்பித்தால் என் மனைவி உடனே, "காப்பி ஆறுது, குடிங்க" என்று பேச்சை மாற்றிவிடுவாள்.

பக்கத்து வீட்டில் ஒரு அமெரிக்க அம்மா இருந்தார். என் வயதுதான் இருக்கும். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர். என் மகள் போய்வந்த பஸ்ஸும் அவருடையதுதான். அதனால் எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் பஸ் ஆன்ட்டி. குண்டான உடம்பு, கணீரென்ற குரல். பஸ்ஸில் ஒரு பிள்ளை வாலாட்ட முடியாது.

பஸ் ஆன்ட்டிக்கு ஒரு பழக்கம். வருஷா வருஷம் குளிர் தொடங்கும்போது தன் கராஜில் ஏல் காய்ச்சுவார். ஏல் என்பது பீரில் ஒரு பழைய வகை. மஞ்சளாக, ஐஸ் மாதிரி சில்லென்று குடிப்பார்களே, அது இல்லை. இது செம்பழுப்பு நிறம், கொஞ்சம் கனமாக இருக்கும். அவருடைய அம்மா வழியில் இங்கிலாந்திலிருந்து வந்த முறை என்று சொன்னார்.

அந்த வருஷம் அவர் காரிலிருந்து தானிய மூட்டையை இறக்க முடியாமல் நின்றுகொண்டிருந்தார். நான் போய்த் தோளில் ஏற்றினேன். ஏற்றினவன் அப்படியே நின்றுவிட்டேன். மூட்டையிலிருந்து வந்த வாசனை எனக்கு நன்றாகத் தெரிந்த வாசனை. ராகியை முளைகட்டி, காயவைத்து, இரும்புச் சட்டியில் வறுத்தால் வருமே, அதேதான். நியூ ஜெர்சியில் ஒரு கராஜில் அது எப்படி வரும்? கேட்டேன். பார்லியை முளைகட்டிக் காயவைத்து வறுத்தது, இதற்குப் பெயர்தான் மால்ட், இதிலிருந்துதான் ஏல் காய்ச்சுவேன் என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "முளைகட்டின தானியத்துல செய்யறதா? அப்ப அதுவும் கஞ்சிதானுங்க. குடிச்சுட்டு வாங்க, ஆனா தள்ளாடாம வாங்க" என்றாள்.

நான் அதுவரை எந்த மதுவையும் தொட்டதில்லை. குடித்து மயங்கவேண்டும் என்று இன்றுவரை ஆசையும் வந்ததில்லை. ஆனால் அந்த வாசனை கடைசியில் என்ன ருசியாக முடிகிறது என்று தெரிந்துகொள்ள மனது கிடந்து தவித்தது. போன வருஷத்தில் மிச்சம் இருந்த ஒரு பாட்டிலைத் திறந்து, சின்ன கிளாஸில் பாதிக்கும் கீழே ஊற்றிக் கொடுத்தார் பஸ் ஆன்ட்டி. நான் நம் வழக்கப்படி கிளாஸைத் தூக்கி, உதடு படாமல் அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொண்டேன். அவர் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்ன இது, இருமல் மருந்தா? மூக்குக்கு ஒண்ணுமே குடுக்கலையே!"

மறுபடி ஊற்றினார். இந்தத் தடவை கிளாஸை உள்ளங்கையில் பிடிக்கச் சொன்னார், கைச்சூட்டில் வாசனை மேலே வருமாம். முகர்ந்துவிட்டு, ஒரு சின்ன வாய் எடுத்து, உடனே விழுங்காமல் நாக்கில் வைத்திருக்கச் சொன்னார். உதடு பட்டால் எச்சில் என்கிற எண்ணத்தை ஒதுக்கிவிட்டு அப்படியே செய்தேன். முதலில் ரொட்டி கருகின ஓரம் மாதிரி. அப்புறம் கருப்பட்டிப் பாகு, ஆனால் அவ்வளவு தித்திப்பு இல்லை. உலர்ந்த திராட்சையை மென்ற மாதிரி நடுவில் ஒன்று வந்துபோனது. விழுங்கின பிறகு அடி நாக்கில் வெந்தயம் அளவுக்குக் கசப்பு, அதுவும் மெதுவாக, சண்டை போடாமல். இவ்வளவு நிதானமான ஒரு ருசியை நான் அதற்கு முன் கவனித்துச் சாப்பிட்டதே இல்லை. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவருக்கு ஒரே சந்தோஷம். இந்த வருஷத்து ஏலில் உனக்கு ஒரு பெட்டி என்றார்.

நவம்பர் கடைசியில் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். மூடி போட்ட கண்ணாடி பாட்டில்கள். "இது இன்னும் முடியலை. பாட்டிலுக்குள்ளேயே மெதுவா வேலை நடந்துட்டிருக்கு. பேஸ்மென்ட்ல குளிர்ச்சியான மூலையா பார்த்து வை. பனி முடியற வரைக்கும் தொடாதே" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

இப்போதுதான் எங்கள் புத்தி வேலை செய்தது. இங்கே குளிர்காலத்தில் இட்லி மாவு புளிக்காது என்பது தமிழ்க் குடும்பங்கள் எல்லோருக்கும் தெரியும். சிலர் ஓவன் அடுப்புக்குள் லைட்டைப் போட்டு வைப்பார்கள், சிலர் கம்பளி சுற்றி வைப்பார்கள். எங்கள் வீட்டு பேஸ்மென்டில் ஃபர்னஸ் இருக்கிற சின்ன அறை ஒன்று உண்டு. வீட்டுக்கே சூடு அங்கிருந்துதான் வரும். ராத்திரி மாவுப் பாத்திரத்தை அங்கே வைத்தால் காலையில் பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும்.

பெட்டியைக் குளிர்ச்சியான மூலையில் வைக்கப் போனவனைப் பார்த்து மனைவி கேட்டாள். "ஏனுங்க, உள்ள இன்னும் புளிச்சிட்டிருக்குன்னு அந்தம்மா சொல்லுச்சு. அப்புறம் குளிர்ல வெச்சா எப்படிப் புளிக்கும்? மாவுக்குச் சூடு, பாட்டிலுக்குக் குளிரா?"

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அந்தம்மாவுக்கு வீட்டில் இந்த மாதிரி வசதி இல்லை, அதனால் அப்படிச் சொல்கிறார் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். ஃபர்னஸ் அறையில் மாவு வைக்கிற மரப் பலகையிலேயே பாட்டில்களையும் வைத்தேன். பெட்டிக்குள் இருந்தால் சூடு சரியாகப் படாது என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, இடைவெளி விட்டு வரிசையாக நிற்கவைத்தேன். அவ்வளவு அக்கறை!

அது டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. மனைவி நைட் டியூட்டி முடித்து வந்து மேலே தூங்கிக்கொண்டிருந்தாள். சாயந்திரம் கோயிலில் பழக்கமான ஒரு குடும்பம் டிபனுக்கு வருகிறார்கள். நான் சமையலறையில் சாம்பாருக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மகள் கீழே பேஸ்மென்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். வெளியே முழங்கால் அளவுக்குப் பனி.

கீழேயிருந்து 'டம்'மென்று ஒரு சத்தம். ஃபர்னஸ் வெடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. இறங்கின உடனே அந்த வாசனை, நான் ஆசையாக முகர்ந்த அதே வாசனை, பேஸ்மென்ட் முழுக்க அடித்தது. ஃபர்னஸ் அறைக் கதவு திறந்திருந்தது. தரையெல்லாம் நுரை, கண்ணாடிச் சில்லு. பலகையில் ஒரு பாட்டில் இருந்த இடம் காலி. பக்கத்தில் மாவுப் பாத்திரம் கவிழ்ந்து மாவு வழிந்துகொண்டிருந்தது.

"அப்பா?"

குரல் அறைக்குள்ளேயிருந்து வந்தது. வெந்நீர் டாங்குக்குப் பின்னால் ஒரு மூலை உண்டு. கதகதப்பாக இருக்கும் என்று அங்கே பொம்மையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். காலில் செருப்பு இல்லை, சாக்ஸ் இல்லை.

"அப்பா, இட்ஸ் ஆல் வெட்."

அடி எதுவும் படவில்லை. ஒரு வினாடி எனக்கு உயிர் வந்தது. அவள் எழுந்து என்னைப் பார்த்து வர ஒரு காலை எடுத்து வைத்தாள். அப்போது இரண்டாவது பாட்டில் வெடித்தது. என் காதை உரசிக்கொண்டு ஒரு சில்லு போய் எதிர்ச் சுவரில் பட்டுத் தெறித்தது. தொட்டுப் பார்த்தேன், விரலில் ரத்தம்.

அப்போதுதான் நிலைமை முழுசாகப் புரிந்தது. மற்ற பாட்டில்கள் அப்படியே நிற்கின்றன. ஒன்றிரண்டு மூடி ஓரத்தில் உஸ்ஸென்று சீறுகிறது. எது எப்போது வெடிக்கும் என்று தெரியாது. அவள் வெளியே வரவேண்டும் என்றால் அந்தப் பலகையை ஒட்டித்தான் வரவேண்டும், வேறு வழி கிடையாது. பலகை சரியாக அவள் முகத்து உயரம்.

"வராதே! அங்கேயே இரு! அசையாதே!" என்று கத்தினேன். நான் கத்தக் கத்த அவள் மிரண்டு அழ ஆரம்பித்தாள். "ஐ வான்ட் டு கம் அவுட்! அப்பா, கம் கெட் மி!" உள்ளே பாய்ந்து தூக்கிவிடலாமா? தூக்கிக்கொண்டு திரும்பும்போது ஒன்று வெடித்தால் சில்லு அவள் கண்ணில்தான் பாயும். பாயாமல் நின்றால் அவளே ஓடி வந்துவிடுவாள். "கண்ணு, இரு கண்ணு, அம்மிணி, உட்காரு" என்று கெஞ்சினேன். அவள் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, வருவதா வேண்டாமா என்று ஆடிக்கொண்டே நின்றாள்.

சத்தத்தில் எழுந்து வந்த என் மனைவி படியில் நின்று எட்டிப் பார்த்தாள். நர்ஸ் இல்லையா, ஒரு வார்த்தை அலறவில்லை. பலகையைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், திரும்பி ஓடினாள். வெறுங்காலோடு பனியில் ஓடிப்போய், டிரைவ்வேயில் பனி வாரிக்கொண்டிருந்த பஸ் ஆன்ட்டியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

பஸ் ஆன்ட்டி பாதிப் படியிலேயே நின்றுவிட்டார். எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்தார். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். கையால் என்னை அடக்கினார். பிறகு தினமும் காலையில் பஸ்ஸில் பேசுவாரே, அதே குரலில், கொஞ்சமும் அவசரப்படாமல் சொன்னார்.

"பஸ் ஓடிட்டிருக்கும்போது எழுந்து நிக்கறது யாரு?"

என் மகள் அழுகையை நிறுத்தினாள்.

"சீட்டுல உட்காரு. தலையைக் குனி. டிரில்ல எப்படிச் செய்வோம்?"

பஸ்ஸில் ஆபத்து வந்தால் செய்யவேண்டும் என்று அவர் பழக்கியிருந்தபடியே, மகள் பின்னுக்கு நகர்ந்து டாங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். முழங்காலில் நெற்றியை வைத்து, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள். பொம்மையை மடிக்குள் இடுக்கிக்கொண்டாள். நான் தொண்டை கிழியக் கத்தியும் நடக்காதது அது.

"குட். நான் சொல்ற வரைக்கும் யாரும் இறங்கக் கூடாது." பிறகு என்னிடம் மெதுவான குரலில், "முதல்ல ஃபர்னஸை ஆஃப் பண்ணு. அப்புறம் ஒரு மெத்தை கொண்டு வா."

சுவிட்ச் படிக்கு மேலே இருந்தது. அதை அணைத்துவிட்டு, மகளுடைய கட்டில் மெத்தையை உருவிக்கொண்டு ஓடிவந்தேன். மெஷின் ஷாப்பில் நான் போடுகிற பாதுகாப்புக் கண்ணாடி ஆணியில் மாட்டியிருந்தது. பஸ் ஆன்ட்டி அதை எடுத்துப் போட்டுக்கொண்டார். குளிருக்குப் போட்டிருந்த தடித்த கோட்டும் கையுறையும் ஏற்கெனவே அவர் மேல் இருந்தன.

"நான் போறேன், என் பிள்ளை" என்றேன்.

"பாட்டில் என்னோடது. நான் சுவர் மாதிரி நிக்கிறேன். நீ பின்னால புகுந்து போய்த் தூக்கு."

அவர் மெத்தையை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். பாட்டில்களைத் தொடாமல், அசைக்காமல், பலகைக்கு முன்னால் அதைத் திரை மாதிரி நிறுத்தினார். சுவருக்கும் அவர் முதுகுக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருச்சாய்ந்து போகிற இடம்தான். நான் புகுந்தேன். ஷூவுக்கடியில் கண்ணாடி நொறுங்கியது. என் மூச்சுச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. பாதி தூரத்தில் மெத்தைக்கு அந்தப் பக்கம் 'டப்'பென்று ஒன்று வெடித்தது. பஸ் ஆன்ட்டியின் உடம்பு ஒரு குலுக்கு குலுங்கியது. ஆனால் பிடியை விடவில்லை.

மகளிடம் போய்ச் சேர்ந்து, "வா கண்ணு" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவள் வரவில்லை! தலையைத் தூக்காமலே இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"ஷி டிடின்ட் சே இட் யெட்."

"ஐயோ, வா சாமி!"

"நோ அப்பா. ஷி ஹாஸ் டு சே."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பின்னாலிருந்து அந்தக் குரல், கொஞ்சம் நடுங்கினாலும் அதே பஸ் குரல்தான், வந்தது. "ஓக்கே, உன் ஸ்டாப் வந்தாச்சு. அப்பா கூட இறங்கு."

மகள் தலையைத் தூக்கி இரண்டு கையையும் என்னிடம் நீட்டினாள். அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவள் முகத்தை என் சட்டைக்குள் அழுத்தி, வந்த வழியே திரும்பி வெளியே வந்தேன். எங்கள் பின்னால் பஸ் ஆன்ட்டி மெத்தையைப் பாட்டில்கள் பக்கமாகவே சாய்த்துவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினார். அவர் படியில் உட்கார்வதற்குள் உள்ளே அடுத்தடுத்து இரண்டு வெடித்தன.

என் மனைவி மகளை மடியில் போட்டுக்கொண்டு, டார்ச் அடித்து, தலைமுடியைப் பிரித்துப் பிரித்துச் சில்லு இருக்கிறதா என்று பார்த்தாள். பாதத்தில் ஒரு சின்னக் கீறல், அவ்வளவுதான். பனியில் ஓடின என் மனைவியின் கால்தான் சிவந்து வீங்கியிருந்தது. அதை அவள் அப்போதுதான் பார்த்தாள். மகள் கேட்ட முதல் கேள்வி, "ஸோ நோ இட்லி?" வந்த விருந்தாளிகளுக்கு உப்புமா கிண்டிப் போட்டோம். என் காதில் இருந்த பிளாஸ்டரைப் பற்றிக் கேட்டார்கள். என் மனைவி, "ஷேவ் பண்றப்ப" என்றாள். காதில் யார் ஷேவ் பண்ணுவார்கள்? அவர்களும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அன்று முழுக்க பேஸ்மென்ட் ஜன்னலைத் திறந்துவைத்துக் குளிரை உள்ளே விட்டோம். மறுநாள் பஸ் ஆன்ட்டி வந்து மிச்சம் இருந்த பாட்டில்களைப் பின்கட்டுப் பனியில் புதைத்து, நன்றாகக் குளிர்ந்த பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து கொட்டினார். நான் மன்னிப்புக் கேட்டேன். எங்கே வைக்கச் சொன்னேன் என்று கேட்டார். குளிர்ச்சியான மூலையில் என்றேன். பிறகு இட்லி மாவுக் கதையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் யோசித்துவிட்டு, "உன் மாவு பொங்கினா மூடி திறந்துக்கும். என் பாட்டிலுக்குள்ள வாயு சேர்ந்தா மூடி திறக்காதில்ல" என்று மட்டும் சொன்னார்.

கடைசிப் பாட்டிலைக் கொட்டப் போனவர் நிறுத்தி, கொஞ்சம் கிளாஸில் ஊற்றி என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்றேன். "குடிக்க வேண்டாம். ருசி மட்டும் பார்த்துச் சொல்லு" என்றார். உள்ளங்கையில் பிடித்தேன். முகர்ந்தபோது பெயின்ட் கடை மாதிரி ஒரு நெடி முந்திக்கொண்டு வந்தது. நாக்கில் வைத்தால் நுரை பொங்கிக் குத்தியது. ரொட்டி ஓரமும் இல்லை, கருப்பட்டியும் இல்லை. காரமான சூடு மட்டும் தொண்டையில் இறங்கியது. துப்பிவிட்டேன். நல்ல ஏல் என்றால் என்ன என்று கராஜில் குடித்த அன்றைக்குப் பாதிதான் புரிந்திருந்தது. இதைத் துப்பின பிறகுதான் மீதியும் புரிந்தது. அது அவ்வளவு நிதானமாக ருசித்ததற்குக் காரணம், யாரும் அதை அவசரப்படுத்தவில்லை.

"கெட்டுப்போச்சு" என்றேன்.

"ஆமா. என் மூணு மாச வேலை" என்றார். சொல்லிவிட்டுத் தானும் ஒரு வாய் ருசி பார்த்து, பனியில் துப்பினார். அவர் அதோடு விட்டுவிட்டார். திங்கட்கிழமை காலையில் பஸ் வந்து நின்றது. மகள் எப்போதும் போல ஏறி உட்கார்ந்தாள்.

பிள்ளைகளே, எனக்குப் படிப்பு குறைவு. ஆனால் அன்றைக்கு நடந்தது படிப்புக் குறைவால் இல்லை. அந்தம்மா எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டு விஷயம் சொன்னார். என்னிடம், குளிரில் வை என்றார். என் மகளிடம், சொல்லும் வரை எழுந்திருக்காதே என்றார். நான் கேட்ட உடனே அதற்கு மேலே என் புத்தியை வைத்துவிட்டேன். ஐந்து வயசுப் பிள்ளை, சுற்றிலும் கண்ணாடி வெடிக்கும்போது, பெற்ற தகப்பனே கையைப் பிடித்து இழுத்தும் எழுந்திருக்கவில்லை. இன்றைக்கும் யாராவது தங்களுக்குத் தெரிந்த ஒன்றை எனக்குச் சொல்ல வந்தால், "எனக்குத் தெரியும்" என்று வாய் திறக்கப் போகும்போதெல்லாம், முழங்காலில் நெற்றியை வைத்து ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்த என் மகள்தான் கண் முன்னால் வருகிறாள்; நான் வாயை மூடிக்கொண்டு, சொல்வதைக் கடைசிவரை கேட்கிறேன்.